வாஷிங்டன் போஸ்ட் யார் கையில், எந்தத் தேதியில்: ஓர் அட்டவணையைப் பழுதுபார்த்த பதிவு

இதழியல் மாணவர்களுக்குக் கொடுக்கும் பாடக் குறிப்புகளில் ஒரு பக்க அட்டவணை உண்டு. தலைப்பு ‘வாஷிங்டன் போஸ்ட்: உரிமையாளர்கள்’. அந்த அமெரிக்க நாளிதழை 1877இல் ஸ்டில்சன் ஹட்சின்ஸ் தொடங்கியதிலிருந்து அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வாங்கியது வரை, இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ஆண்டு. பல பேர் கைபட்டு, வருடத்துக்கு ஒரு வரியாக வளர்ந்த அட்டவணை. இந்த முறை அச்சுக்குப் போகுமுன் அதைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

பார்த்தால் ஒரே கைமாற்றத்துக்கு இரண்டு, மூன்று தேதிகள். யூஜின் மேயர் வாங்கியது ஒரு வரியில் 1933 ஜூன் 1, அடிக்குறிப்பில் ஜூன் 13. பிலிப் கிரகாம் ‘உரிமையாளர்’ ஆனது ஓரிடத்தில் 1946, இன்னோரிடத்தில் 1948. பெசோஸ் வாங்கியதற்கு ஆகஸ்ட் 5, அக்டோபர் 1 இரண்டும் இருந்தன. போதாததற்கு 2013 ஜனவரி 10 என்று ஒரு பதிவு. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்கள்? எந்தத் தேதி அதிக இடங்களில் வருகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுவார்கள். அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரு தலையங்கத்தைப் படித்து, அதன் பின்னால் யார் பணம் நின்றது என்று யோசிக்கப் பழகும் மாணவர்கள் இவர்கள். அவர்களுக்குப் பத்து நாள் வித்தியாசமும் பெரிய வித்தியாசம்தான்.

முதலில் அட்டவணையின் அமைப்பிலேயே கை வைத்தேன். ‘உரிமையாளர் – ஆண்டு’ என்று இரண்டே பத்தி இருந்தால் சண்டை வரத்தான் செய்யும். வீடு வாங்கிய ஒருவரிடம் எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுத்த நாளைச் சொல்லலாம், கிரயம் பதிவான நாளைச் சொல்லலாம், பட்டா பெயர் மாறிய நாளையும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் பொய்யில்லை. பத்திரிகை கைமாறுவதும் இப்படித்தான். கூடவே செய்தி வெளியான நாள், நீதிமன்றம் ஒப்பிய நாள், நிர்வாகப் பொறுப்பு மாறிய நாள் என்று இன்னும் சில சேர்ந்துகொள்கின்றன.

அதனால் ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு என்று வைத்தேன். தேதி, என்ன நடந்தது, யாரிடமிருந்து, யாருக்கு, எது கைமாறியது, எந்த ஆதாரம், அந்த ஆதாரம் எழுதப்பட்ட தேதி என்று ஏழு பத்திகள். கடைசிப் பத்தி முக்கியமானது. சம்பவம் நடந்த வாரத்தில் எழுதியதும், அறுபது வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதியதும் ஒரே எடையில் நிற்கக் கூடாது. ‘எது கைமாறியது’ என்ற பத்தியை ஒரு பாதுகாப்புக்காகத்தான் சேர்த்தேன். கடைசியில் பாதிக்கு மேற்பட்ட முரண்பாடுகள் அங்கேதான் தீர்ந்தன.

வரலாற்றுக்குள் போகுமுன் எழுத்து வடிவில் இருந்த இரண்டு பழுதுகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒன்று, அந்த ஜனவரி 10. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள், நாம் நாளை முதலில் எழுதுவோம். 10/1/2013 என்று அங்கே எழுதினால் அக்டோபர் 1. அதை நம் ஊர்க் கண்ணோடு படித்தால் ஜனவரி 10 ஆகிவிடும். அப்படிப் படித்தால் விற்பனை அறிவிப்பு வருவதற்கு ஏழு மாதம் முன்பே விற்பனை முடிந்ததாக வரும். ஆகஸ்ட் 5க்கும் இதே ஆபத்து: 8/5/2013 நமக்கு மே 8. நாள் எண் 12க்கு மேல் போனால் தவறு உடனே கண்ணில் படும், ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது. 12க்குள் இருந்தால் எந்தச் சந்தேகமும் எழாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். அதனால் எண்களால் மட்டும் எழுதிய தேதி எதுவானாலும் மூலத்தைத் திறந்து, மாதத்தின் பெயர் எழுத்தில் இருக்கிற இடத்தைப் பார்த்த பிறகே ஏற்றினேன்.

இரண்டாவது பழுது எக்செல் செய்வது. அதன் தேதிக் கணக்கு 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. 1877 டிசம்பர் 6 என்று கொடுத்தால் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தச் சொன்னால் 1900க்குப் பிந்தியவை ஒரு கூட்டமாகவும் முந்தியவை வேறு கூட்டமாகவும் பிரிந்து நிற்கும். பழைய அட்டவணையில் ஹட்சின்ஸ் கடைசி வரியில் கிடந்ததற்கு இதுதான் காரணம். எல்லாத் தேதியையும் 1877-12-06 என்ற வடிவத்தில், ஆண்டு முதலில் வரும்படி, எழுத்தாகவே வைத்துவிட்டேன். அகர வரிசைப்படி அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். உறுதியில்லாத தேதிகளுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் உருவாக்கிய ஒரு குறியீட்டு முறை இருக்கிறது. 2019இல் ஐஎஸ்ஓ தரநிலையிலும் சேர்ந்துவிட்டது. ஆண்டுக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால் ஐயம், அலைக்கோடு போட்டால் ஏறத்தாழ என்று பொருள். இரண்டு தேதிக்கு நடுவே சாய்கோடு போட்டால் முதல் தேதியிலிருந்து இரண்டாவது வரை நீளும் காலம் என்று பொருள். இந்த இடைவெளிக்குள் எங்கோ என்று சொல்லவும் நான் அதையே வைத்துக்கொண்டேன். சின்னச் சின்னக் குறிகள்தான். ஆனால் ‘சுமார்’, ‘கிட்டத்தட்ட’, ‘வாக்கில்’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதிவைப்பதைவிட எவ்வளவோ மேல்.

சரி, இனி 1933. இந்த அட்டவணையிலேயே நான் அதிக நேரம் செலவிட்ட இடம் இதுதான்.

போஸ்ட் அப்போது மெக்லீன் குடும்பத்தின் கையைவிட்டு நழுவி, கடனில் மூழ்கி, கடன்பட்ட சொத்தைக் கவனிக்க நீதிமன்றம் நியமித்த அதிகாரியான ரிசீவரின் பொறுப்பில் இருந்தது. ஜூன் 1 அன்று வாஷிங்டன் ஈ தெருவில் இருந்த போஸ்ட் கட்டடத்தின் வாசற்படியிலேயே பகிரங்க ஏலம் நடந்தது. அதுவரை உரிமையாளராக இருந்த நெட் மெக்லீனைப் பிரிந்திருந்த மனைவி எவலின் வால்ஷ் மெக்லீன், ஹோப் வைரத்தின் சொந்தக்காரர், அங்கே வந்திருந்தார். அவர் தரப்பு 6 லட்சம் டாலரோடு நின்றுவிட்டது. பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் தரப்பு 8 லட்சம் வரை போனது. 8,25,000 டாலருக்கு ஏலத்தை எடுத்தவர் ஒரு வழக்கறிஞர். யாருக்காக எடுக்கிறார் என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் இருந்தவர் யூஜின் மேயர் என்று ஊருக்கு அறிவிக்கப்பட்டது ஜூன் 13இல்தான்.

ஆக, ஜூன் 1ஐயும் 13ஐயும் மோதவிட வேண்டிய அவசியமே இல்லை. ஒன்று ஏலத்தின் தேதி, மற்றொன்று பெயர் வெளிவந்த தேதி. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சட்டப் படியும் இருக்கிறது. ரிசீவர் நடத்தும் விற்பனையில் சுத்தியல் விழுந்ததும் சொத்து மாறிவிடுவதில்லை, நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். நம் ஊர் நீதிமன்ற ஏலத்திலும் இதே நடைமுறைதான். அதனால் ஒரு வரி இருந்த இடத்தில் மூன்று வரி வைத்தேன்:

1933-06-01, பகிரங்க ஏலம், 8,25,000 டாலர், எடுத்தவர் பெயர் தெரியாத ஒருவரின் வழக்கறிஞர்.

1933-06-01/1933-06-13, நீதிமன்ற உறுதிப்பாடு நிலுவை, பொறுப்பு ரிசீவரிடம்.

1933-06-13, வாங்கியவர் யூஜின் மேயர் என்று அறிவிப்பு.

நடு வரி எதற்கு என்று என்னுடன் வேலை பார்ப்பவர் கேட்டார். மேயர் யார் என்பதைப் பார்த்தால் அதன் தேவை புரியும். அந்த மே மாதம் வரை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக இருந்தவர் அவர். ரூஸ்வெல்ட் பதவியேற்ற பிறகு விலகியவர். அந்த ஜூன் மாதமோ வங்கித் துறையைப் புரட்டிப்போட்ட மாதம். வைப்புப் பணத்துக்குக் காப்பீடு கொண்டுவந்த 1933ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது ஜூன் 16. அந்த இரண்டு வாரத்தில் வங்கிகளைப் பற்றிப் போஸ்ட் எழுதிய ஒரு தலையங்கத்தை மாணவர் ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். ‘உரிமையாளர்: மேயர், 1933’ என்று மட்டும் அட்டவணையில் இருந்தால் அது முன்னாள் ஃபெடரல் ரிசர்வ் தலைவரின் பத்திரிகை பேசிய பேச்சு என்றே முடிவுகட்டுவார். ஜூன் 8ஆம் தேதி இதழென்றால் ஆசிரியர் குழுவுக்கே புது முதலாளி யாரென்று அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. இந்த வரி இல்லாவிட்டால் அட்டவணையே அவரைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போய்விடும்.

வீட்டுக்குள்ளேயே இந்த ரகசியம் எப்படிக் காக்கப்பட்டது என்பதற்கும் சாட்சி உண்டு. மேயரின் மகள் கேத்தரின், பின்னாளில் இதே பத்திரிகையை நடத்திய கேத்தரின் கிரகாம், அப்போது பள்ளி மாணவி. பதினாறாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. அப்பா போஸ்டை வாங்கியது தனக்குத் தெரிந்தது பிறகுதான் என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். உரிமையாளரின் சொந்த மகளே எழுதியது என்பதால் இதைத் தேதிக்கு முதல்தர ஆதாரமாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அது தெரியவந்த நாளுக்கு ஆதாரம். வாங்கிய நாளுக்கு வேறு ஆதாரம்தான் தேட வேண்டும்.

இந்த இடத்தில் நாளிதழ்களைத் தேதிக்காகப் படிப்பதில் ஒரு நுணுக்கம். போஸ்ட் காலை இதழ். முந்தின நாள் நடந்தது மறுநாள் தேதியிட்ட இதழில் வரும். அப்போது அதன் போட்டியாளராக இருந்த ஈவினிங் ஸ்டார் மாலை இதழ். பகலில் நடந்தது அதே தேதியிட்ட இதழிலேயே வந்துவிட வாய்ப்புண்டு. இரண்டையும் படித்தவர்கள் இதழின் தேதியையே சம்பவத்தின் தேதியாகக் குறித்துக்கொண்டால் அங்கேயே ஒரு நாள் முரண்பாடு பிறந்துவிடும். ஈவினிங் ஸ்டாரின் பழைய இதழ்கள் காங்கிரஸ் நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பத்திரிகையின் கைமாற்றத்தைப் பற்றிப் போட்டிப் பத்திரிகை எழுதியதைப் படிப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். தன் வீட்டுச் செய்தியை எழுதும்போது பத்திரிகைகள் வார்த்தையை அளந்து போடும். பக்கத்து வீட்டுச் செய்திக்கு அந்தக் கூச்சம் இருக்காது.

முதல் கைமாற்றத்துக்கு வருகிறேன். ஹட்சின்ஸ் 1877 டிசம்பர் 6இல் தொடங்கிய பத்திரிகையை ஃபிராங்க் ஹாட்டனும் பெரையா வில்கின்ஸும் சேர்ந்து 1889இல் வாங்கினார்கள். பழைய அட்டவணையில் ஒருவர் ‘1889 மார்ச்சுக்குப் பிறகு’ என்று பென்சிலில் எழுதியிருந்தார். யோசித்துப் பார்த்ததில் அதன் தர்க்கம் பிடிபட்டது. வில்கின்ஸை எல்லாரும் ‘முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அவர் பதவிக்காலம் முடிந்தது 1889 மார்ச் 3. முன்னாள் உறுப்பினர் வாங்கினார் என்றால் மார்ச் 3க்குப் பிறகுதானே வாங்கியிருக்க வேண்டும்? புத்திசாலித்தனமான வாதம்தான். ஆனால் நிற்காது. ஒருவரைப் பற்றிப் பின்னாளில் எழுதுபவர் தன் காலத்தில் நின்றுகொண்டுதான் ‘முன்னாள்’ என்கிறார். சம்பவம் நடந்த அன்று அவர் முன்னாளா இந்நாளா என்பதை அந்தச் சொல் காட்டாது. அந்தப் பென்சில் குறிப்பை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் எல்லை கிடைத்தது. போஸ்ட் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது. அதன் பரிசளிப்பு விழாவுக்காக, அமெரிக்க மரைன் படையின் வாத்தியக் குழுத் தலைவராக இருந்த ஜான் ஃபிலிப் சூசாவிடம் ஓர் அணிநடை இசை கேட்டவர்கள் ஹாட்டனும் வில்கின்ஸும்தான். பத்திரிகையின் பெயரையே தாங்கிய அந்த இசை 1889 ஜூன் 15 அன்று ஸ்மித்சோனியன் வளாகத்தில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. உலகம் முழுக்கப் பரவி, இன்றும் பேண்டு வாத்தியக் குழுக்கள் வாசித்துக்கொண்டிருக்கிற இசை. உரிமையைப் பற்றிப் பேசவே பேசாத ஓர் ஆதாரம், புது உரிமையாளர்கள் ஜூன் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அட்டவணையில் 1889-01-01/1889-06-15 என்று இடைவெளியாக எழுதினேன். ஒரு நாளைப் பிடித்துவைப்பதைவிட இந்த இடைவெளியில் எனக்கு அதிக நம்பிக்கை.

உரிமையை நேரடியாகச் சொல்லும் ஆவணங்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இந்த வகை ஆதாரம் கிடைக்காது. விழா அழைப்பிதழ், விளம்பரம், கடிதத் தாளின் தலைப்பு, வழக்கில் வாதி பிரதிவாதி பெயர் எல்லாமே, இன்ன நாளில் இவர்தான் உரிமையாளராக நடந்துகொண்டார் என்று தற்செயலாகச் சொல்லிவிடும். யாரும் யாரையும் நம்பவைக்க எழுதியவை கிடையாது என்பதால் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

அடுத்த இருபது வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஹாட்டன் 1894 ஏப்ரல் 30இல் இறந்தார். அவர் பங்கு வில்கின்ஸிடம் போனது. 1905இல் சின்சினாட்டி என்க்வைரர் பத்திரிகையின் உரிமையாளர் ஜான் ரோல் மெக்லீன், வில்கின்ஸ் குடும்பத்திடமிருந்து போஸ்டை வாங்கினார்.

சிக்கல் 1916இல். மெக்லீன் ஜூன் 9 அன்று இறந்தார். பழைய அட்டவணை அதே மூச்சில் ‘1916: மகன் நெட் மெக்லீன்’ என்றது. ஆனால் அப்பா மகனை நம்பவில்லை. பத்திரிகையை டிரஸ்டில் வைத்துவிட்டுத்தான் போனார். மகன் நீதிமன்றம் போய் அந்த டிரஸ்டை உடைத்துத்தான் உரிமையைக் கையில் எடுத்தார். இறந்த தேதி, டிரஸ்ட் நடைமுறைக்கு வந்தது, டிரஸ்ட் உடைந்தது என மூன்று கட்டம். வாரிசு என்றாலே தந்தை இறந்த அன்றைக்கே உரிமை வந்துவிட்டதாக எழுதுவது நம் எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. இங்கே அப்படி எழுதினால் கதையின் முக்கியமான முடிச்சே காணாமல் போகிறது: தன் மகன் இதைக் காப்பாற்ற மாட்டான் என்று ஒரு முதலாளி சட்டப்படி எழுதிவைத்ததும், பதினேழு வருடத்தில் அது ஏலத்துக்கு வந்ததும். நெட் மெக்லீனின் வரியை டிரஸ்டுக்குக் கீழே இறக்கினேன்.

1912க்குப் பிந்திய அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சட்டம் ஒன்று, அஞ்சல் சலுகை பெறும் பத்திரிகைகள் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், உரிமையாளர் யார், ஆசிரியர் யார், பங்கு வைத்திருப்பவர்கள் யார் யார் என்று சத்தியப் பிரமாணத்தோடு அறிவிக்க வேண்டும் என்றது. இரண்டு அறிக்கைக்கு நடுவே பெயர் மாறியிருந்தால், மாற்றம் அந்த ஆறு மாதத்துக்குள் நடந்தது என்று அடைத்துவிடலாம். தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. நம் பத்திரிகைகளில் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு மூலையில் ‘படிவம் 4’ என்று பொடி எழுத்தில் ஒரு கட்டம் வந்துகொண்டிருந்ததே, அதே வேலைதான். 2024 வரை நடப்பில் இருந்த 1956ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, பிப்ரவரி கடைசி நாளுக்குப் பிறகு வரும் முதல் இதழில் அச்சிட வேண்டியிருந்தது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் அந்தக் கட்டம், பத்திரிகை வரலாறு எழுதுபவருக்குப் பொக்கிஷம். பழைய இதழ்களை பைண்டு செய்யும்போதோ ஸ்கேன் செய்யும்போதோ மார்ச் முதல் வார இதழ்களைத் தவறவிடாதீர்கள் என்று நூலகர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

1946க்கும் 1948க்கும் உள்ள முரண், பதவியையும் சொத்தையும் குழப்பியதால் வந்தது. 1946 ஜூனில் உலக வங்கியின் முதல் தலைவராக மேயர் போனார். அப்போது மருமகன் பிலிப் கிரகாம் பப்ளிஷர் ஆனார். பப்ளிஷர் என்பது அமெரிக்க நாளிதழில் நிர்வாகத் தலைமைப் பதவி. முதலாளிதான் அதில் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த டிசம்பரிலேயே மேயர் உலக வங்கியைவிட்டுத் திரும்பி வந்துவிட்டார், ஆனால் பப்ளிஷர் நாற்காலி பிலிப்பிடமே இருந்தது. சொத்து கைமாறியது 1948இல். வாக்குரிமை உள்ள 5,000 பங்குகளில் பிலிப்புக்கு 3,500, கேத்தரினுக்கு 1,500. மகளைவிட மருமகனுக்கு அதிகம். எந்த ஆணும் தன் மனைவியிடம் வேலை செய்யும் நிலையில் இருக்கக் கூடாது என்பது மேயரின் எண்ணம். இந்தக் கணக்கை ‘எது கைமாறியது’ பத்தியில் முழுதாக எழுதிவைத்தேன். ‘1948, கிரகாம் குடும்பம்’ என்று சுருக்கினால், 1963இல் பிலிப் இறந்த பிறகு கேத்தரின் வந்து உட்கார்ந்த இடம் எவ்வளவு அசாதாரணமானது என்பது மாணவர்களுக்கு எட்டாது. அவர் பப்ளிஷர் என்ற பதவியை ஏற்றது 1969இல். இங்கேயும் பதவியின் தேதி வேறு, கட்டுப்பாட்டின் தேதி வேறு.

அதே பத்தி 1971ஐயும் தீர்த்தது. ‘1971: பொதுமக்கள்’ என்று யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஜூன் 15 அன்று போஸ்ட் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது உண்மை. பங்கு ஒன்று 26 டாலர். ஆனால் சந்தையில் விற்றது பி வகைப் பங்குகளை. இயக்குநர் குழுவில் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்கும் ஏ வகைப் பங்குகள் குடும்பத்திடமே இருந்தன. மூன்று நாள் கழித்து, ஜூன் 18 அன்று, வியட்நாம் போர் பற்றிய அரசின் ரகசிய ஆவணங்களான பென்டகன் ஆவணங்களை வெளியிடத் துணிந்தது இதே பத்திரிகை. அந்த முடிவை எடுத்தவர் யார் என்று கேட்டால் பங்குச் சந்தை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘உரிமையாளர்’ பத்தியிலிருந்து அந்த வரியை எடுத்து, ‘மூலதனம்’ என்று புதிதாக ஒரு வகை போட்டு அங்கே வைத்தேன்.

1954 மார்ச் 17இல் போஸ்ட் தன் காலைப் போட்டியாளரான டைம்ஸ்-ஹெரால்டை 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. போஸ்டின் உரிமை இதில் மாறவில்லை. ஆனால் முகப்பில் பெயர் மாறியதால் இதையும் கைமாற்றமாக எண்ணி ஒரு வரி இருந்தது. டைம்ஸ்-ஹெரால்டின் வம்சாவளியைத் தனித் தாளாகப் பிரித்துவிட்டேன். அங்கேயும் அழகான ஒரு முரண்: முன்பு தனித்தனியாக இருந்த டைம்ஸ், ஹெரால்டு இரண்டையும் சிஸ்ஸி பேட்டர்சன் பெற்றது 1937 என்றும் 1939 என்றும். 1937இல் ஹெர்ஸ்டிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். 1939இல்தான் விலைக்கு வாங்கி இரண்டையும் ஒன்றாக்கினார். குத்தகைக்காரரை உரிமையாளர் என்று எழுதினால் சட்டப்படி தவறு. எழுதாமல் விட்டால், பத்திரிகையில் என்ன வர வேண்டும் என்று தீர்மானித்தவரை மறைத்ததாகும். இரண்டு வரியும் இருக்கட்டும் என்று விட்டேன்.

2013 சமீபத்தியது, ஆவணங்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் தேதிக் குழப்பம் அதிகம் இருந்தது இங்கேதான். ஆகஸ்ட் 5 அன்று விற்பனை ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது, 25 கோடி டாலர். அக்டோபர் 1 அன்று விற்பனை முடிந்தது. நவம்பர் 29 அன்று விற்ற நிறுவனம் தன் பெயரை கிரகாம் ஹோல்டிங்ஸ் என்று மாற்றிக்கொண்டது. இந்த மூன்றாவது தேதியை யாரும் கவனிப்பதில்லை. அக்டோபர் 1க்கும் நவம்பர் 29க்கும் நடுவில் ‘வாஷிங்டன் போஸ்ட் கம்பெனி’ என்ற பெயரில் ஒரு நிறுவனம் இருந்தது, ஆனால் அதனிடம் வாஷிங்டன் போஸ்ட் இல்லை. அந்த இரண்டு மாதச் செய்திகளில் போஸ்ட் கம்பெனி இதைச் செய்தது, அதைச் சொன்னது என்று வந்தால் அது விற்றவர்களைக் குறிக்கிறது. பிற்காலத்தில் பெயரை மட்டும் தேடி எடுப்பவர்கள் இதை பெசோஸ் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

பங்குச் சந்தையில் இருக்கும் அமெரிக்க நிறுவனம், இந்த மாதிரிப் பெரிய நிகழ்வுகளை நான்கு வேலை நாளுக்குள் 8-கே என்ற படிவத்தில் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆணையத்தின் ‘எட்கர்’ தளத்தில் அவை எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. அந்தப் படிவத்திலும் இரண்டு தேதிகள்: நிகழ்வு நடந்த தேதி, தாக்கல் செய்த தேதி. நிகழ்வு நடந்த தேதியைத்தான் எடுக்க வேண்டும். விற்பனையில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்பதும் அப்போதே சொல்லப்பட்டுவிட்டது. உள்ளூர் வார இதழ்கள் சில சேர்ந்தன. 15ஆவது தெருத் தலைமையகக் கட்டடம், கப்லான் கல்வி நிறுவனம், தொலைக்காட்சி நிலையங்கள், ஸ்லேட் இணைய இதழ் ஆகியவை கிரகாம்களிடமே நின்றன.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தேதியைப் பத்து இடத்தில் பார்த்தால் பத்து சாட்சி என்று தோன்றும். வரிக்கு வரி ஒப்பிட்டால் ஒன்றிலிருந்து ஒன்பது பேர் எடுத்துக்கொண்டது தெரியும். சொற்களின் வரிசை, தொகையை எழுதும் விதம், ஏதாவது ஓர் எழுத்துப்பிழை, இவை ஒரே மாதிரி இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் ஆதாரமாகவே எண்ணினேன். ஒன்றையொன்று பார்க்க வாய்ப்பே இல்லாத இரண்டு ஆவணங்கள், உதாரணமாக ஒரு நீதிமன்றப் பதிவும் போட்டிப் பத்திரிகையின் செய்தியும், ஒத்துப்போனால் எனக்கு அது போதும்.

வகுப்பில் ஒரே ஓர் ஆண்டு சொல்லியாக வேண்டிய இடங்கள் இருக்கும். அதற்காக ஒரு விதி வைத்து அட்டவணையின் தலையிலேயே எழுதிவிட்டேன்: சட்டப்படி கட்டுப்பாடு கைமாறிய தேதியே ஆண்டைத் தீர்மானிக்கும். அறிவிப்பும் பதவியேற்பும் துணை வரிகளில் இருக்கும். விதி என்னவென்று வெளிப்படையாக எழுதிவைத்தால், அதில் உடன்படாதவர் தன் விதியைப் போட்டு அதே வரிகளிலிருந்து வேறு பட்டியல் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகத் திருத்தியது தேதிப் பத்தியில் இல்லை. 2013க்கு நேரே பெற்றவர் என்ற இடத்தில் ‘அமேசான்’ என்றிருந்தது. அதை எடுத்துவிட்டு, பெசோஸ் தன் சொந்தப் பணத்தில் நாஷ் ஹோல்டிங்ஸ் என்ற தனி நிறுவனத்தின் வழியாக வாங்கினார் என்று எழுதி, கோப்பை அச்சுக்கு அனுப்பினேன்.